வாரண்டி என்ற காகிதம் யாருக்காக?



சரக்கு விலை, வரி, உரிமம், தராசு முத்திரை பற்றியெல்லாம் நமது இதழில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். கடைக்குள் நாம் வாங்கி வைத்திருக்கும் சாமான்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதக் காணோம். இன்றைக்கு ஒரு சாதாரண மளிகைக் கடையில்கூட எலக்ட்ரானிக் தராசு, பில் அடிக்கும் பிரிண்டர், பிரீசர், கேமரா, கம்ப்யூட்டர் என்று கணிசமான முதல் முடங்கிக் கிடக்கிறது. இவற்றில் ஒன்று வாரண்டி காலத்திலேயே கெட்டுப் போனால், அதுவும் திரும்பத் திரும்பக் கெட்டுப் போனால், வியாபாரியின் கதி என்ன? இரண்டு வருடமாக நான் படும் பாட்டை வைத்து இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரையும் விற்றவர் பெயரையும் போடப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை இதேதான் என்று என்னிடம் பேசிய பலரும் சொல்லிவிட்டார்கள்.

நான் விருதுநகரில் வத்தல், மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரம் செய்கிறவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. எங்கள் அப்பா காலத்தில் சிட்டாவும் பேரேடும்தான். பிறகு பெரிய டப்பா மாதிரி கம்ப்யூட்டர் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் கடையைத் திறக்கவே முடியாது என்று ஆகிவிட்டது. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகள் எல்லாரும் பதிவு பெற்ற வியாபாரிக்குப் போடும் வரி பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். அந்த வளையத்திற்குள் நானும் வந்தேன். பழைய கம்ப்யூட்டர் தாங்காது, வீட்டிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம், லேப்டாப்பாக வாங்குங்கள் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு, அக்டோபர் மாதத்தில் வாங்கினேன். விலை 49,000. வரி 18 சதவீதம் சேர்த்து 57,820. வாரண்டி ஒரு வருடம்தான் என்றார்கள். இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க வரியோடு 5,900 கேட்டார்கள். யோசிக்காமல் கொடுத்தேன். வாரண்டியை விலை கொடுத்து வாங்குகிறோமே, பொருள் நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கே நம்பிக்கை இருந்தால் மூன்று வருடமும் அவர்களே தரலாமே என்ற எண்ணம் அப்போது வரவில்லை.

நாலு மாதம் ஓடியது. 2024 பிப்ரவரியில் ஒரு காலை திரை கறுப்பாகிவிட்டது. விசிறி சத்தம் மட்டும் கேட்கிறது. விற்றவரிடம் கேட்டால், வாரண்டி கம்பெனியுடையது, மதுரையில் சேவை மையம் இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்றார். நமக்கு மதுரை ஒரு மணி நேரப் பயணம், பெரிய விஷயமில்லை. ஆனால் கொடுக்க ஒரு ஆள், வாங்க ஒரு ஆள், நடுவில் போனில் கேட்க ஒரு ஆள். மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். 9 நாள் ஆனது. குறை சொல்லவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும்.

ஜூன் மாதம் மறுபடி அதே கறுப்புத் திரை. இந்தத் தடவை 21 நாள். போர்டு இருப்பில் இல்லை, வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். நவம்பரில் மூன்றாவது தடவை. கவுண்டரில் இருந்த தம்பி பின்மூடியைத் திருகிக் கழற்றி என் கண்முன்னால் ஊதிக் காட்டினார். சிவப்பாகத் தூசி பறந்தது. "ஐயா, உள்ள பூரா மிளகாய்த் தூசி. இது வாரண்டியில வராது" என்றார்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வத்தல் குடோன் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தும்முவார்கள். லேப்டாப்பை கல்லாப் பக்கத்தில் மேசை மேல்தான் வைத்திருந்தோம். நூறு மூடை இறங்கும் நாளில் அதன் மேல் விரலால் கோலம் போடலாம். அதனால் தம்பியிடம் மல்லுக்கு நிற்கவில்லை. சுத்தம் செய்வதற்கென்று அவர்கள் கேட்ட தொகையைக் கட்டினேன். போர்டை அந்தத் தடவை மட்டும் வாரண்டியில் மாற்றித் தருவதாகச் சொல்லி மாற்றினார்கள். 14 நாள். ஊருக்கு வந்ததும் ஆசாரியை அழைத்து கடை ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு போட்டு, கதவு வைத்து, சின்ன ஏ.சி.யும் மாட்டி லேப்டாப்பை அதற்குள் குடிவைத்தேன். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு அறை கிடையாது.

2025 மார்ச்சில் அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே அது கண்ணை மூடியது. மதுரைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தார்கள். தூசி இல்லை. "இப்ப என்னப்பா சொல்ற?" என்று கேட்டேன். அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்காமல், "போர்டுதான் ஐயா, மாத்திடுவோம்" என்றார். அந்தப் பையனைக் கோபித்து என்ன பயன்? அவர் கம்பெனி ஆளே இல்லை. கம்பெனியிடம் ஒப்பந்தம் எடுத்திருக்கும் இன்னொரு நிறுவனத்தின் சம்பளக்காரர். புது லேப்டாப் தரும் அதிகாரம் அவருக்கும் கிடையாது, அவர் முதலாளிக்கும் கிடையாது. அதிகாரம் உள்ளவர் யார் என்று கேட்டால் ஒரு போன் நம்பர் தருகிறார்கள். அந்த நம்பரில் பேசுகிறவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். நாம் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் புகார் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்பார்கள். அந்த மேலிடத்திலிருந்து இன்றுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

நாலாவது தடவை 26 நாள். ஆக மொத்தம் 70 நாள் அது மதுரையில் இருந்திருக்கிறது. வாரண்டி என்று நாம் காசு கொடுத்தது பழுதுபார்க்கும் கூலிக்கும் பாகத்துக்கும் மட்டும்தான். 70 நாள் வியாபாரத்துக்கு யார் பொறுப்பு என்று அந்தக் காகிதத்தில் தேடிப் பார்த்தேன். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்த 70 நாள் என்றால் என்ன என்று சில்லறை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டும். கேரளாவுக்கு லோடு அனுப்புகிறவன் நான். வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் லாரியில் லோடு ஏற்றி தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிரைவர் புறப்பட நிற்கிறார். பில் எடுக்க மெஷின் இல்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, எங்கள் கணக்கின் ரகசிய எண்ணையெல்லாம் அங்கே தட்டி, ராத்திரி பத்து மணிக்கு லாரியை அனுப்பினோம். அண்ணாச்சி பெருந்தன்மையானவர். ஆனால் நான் யாருக்கு என்ன விலைக்கு அனுப்புகிறேன் என்பது அவர் கடைத் திரையில் தெரிகிறதே! இரண்டு பேரும் ஒரே சரக்கு விற்கிறவர்கள். அவர் மரியாதைக்கு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அது மட்டுமா? மாத ரிட்டர்ன் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி வேறு. என் லேப்டாப் மதுரையில் இருக்கிறது என்றால் வரி அலுவலகம் கேட்குமா? முதல் தடவை கொடுத்தபோது கணக்குகளை வேறு இடத்தில் பதிந்து வைக்கவில்லை. உள்ளே இருக்கும் விவரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பை வாங்கினார்கள். திரும்பி வந்தபோது கணக்கு எதுவும் இல்லை. நல்லவேளை, பழைய பழக்கத்தில் நான் பாக்கிகளை ஒரு நோட்டில் என் கையால் எழுதி வைப்பவன். கணக்குப்பிள்ளை அந்த நோட்டைப் பார்த்து முன்பெல்லாம் சிரிப்பார். அதை வைத்துத்தான் பத்து நாள் உட்கார்ந்து மீண்டும் ஏற்றினார். இப்போது தினமும் கடை சாத்தும் முன்பு பென் டிரைவில் பதிந்து இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறோம். நீங்களும் செய்யுங்கள்.

நாலாவது தடவைக்குப் பிறகு வக்கீலைப் பார்த்தேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நல்ல வசதிகள் இருக்கின்றன. நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு தரவும் உத்தரவு போடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. இவ்வளவையும் விளக்கிவிட்டு வக்கீல் ஒரு கேள்வி கேட்டார். "அந்த லேப்டாப்பை நீங்க தட்டுறீங்களா, கணக்குப்பிள்ளை தட்டுறாரா?"

எனக்கு எங்கே தட்டத் தெரியும்? கணக்குப்பிள்ளைதான் என்றேன். "அப்ப கஷ்டம்" என்றார்.

விஷயம் இதுதான். மறுவிற்பனைக்கு வாங்கினாலும், எந்த வணிக நோக்கத்துக்கு வாங்கினாலும், சட்டப்படி அவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஒரே ஒரு விலக்கு, சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துகிறவர் அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அவர் நுகர்வோர்தான். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கு அது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். லேத் வாங்கித் தானே வேலை பார்க்கிறவர் நுகர்வோர். ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் வாங்கி முழுக்க முழுக்க இன்னொருவரை வைத்து ஓட்டினால் அவர் நுகர்வோர் அல்ல. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றுப் போனார்.

ஆக, தெருமுனையில் மனைவி மக்களோடு உட்கார்ந்து தானே பில் தட்டிக் கடை நடத்தும் மளிகைக்காரருக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆறு பேருக்குச் சம்பளம் கொடுத்துக் கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் எனக்கு அது முக்கால்வாசி சாத்தப்பட்டிருக்கிறது. கடையின் பெயரில் பில் வாங்கியதும், அந்த 18 சதவீத வரியை வரவு எடுத்ததும் எதிர்த்தரப்பு என்மேல் காட்டுவதற்கு நானே கொடுத்த காகிதங்கள். ஒரு ஆறுதலை வக்கீல் சொன்னார். வணிக நோக்கத்துக்குத்தான் வாங்கினார் என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பின் தலையில்தான் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே சிறு வியாபாரி நண்பர்கள் யாரும், கடைக்கு வாங்கியதுதானே, நமக்கு வழக்கே கிடையாது என்று தாங்களாகவே ஒதுங்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்குச் செலவு கிடையாது.

என்னைப் போன்றவர்களுக்கு என்ன வழி? 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. நாம் தினமும் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படையே அதுதான், ஆனால் நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? எனக்கு வக்கீல் சொல்லித்தான் தெரியும். அந்தச் சரக்கை வழக்கமாக விற்கிற வியாபாரியிடம் இன்ன சரக்கு என்று சொல்லி வாங்கினால், அது விலைபோகும் தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே உள்ள நிபந்தனை. அது உடைந்தால் சரக்கைத் தள்ளிவிடலாம். ஆனால் வாரண்டி என்று எழுதிக் கொடுத்தது உடைந்தால் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம், சரக்கைத் தள்ள முடியாது. அந்தச் சட்டத்தில் நிபந்தனை வேறு, வாரண்டி வேறு. இன்னும் இரண்டு விஷயம் கேட்டு எனக்குத் தூக்கம் போனது. எழுதாத நிபந்தனைகளை எழுதி விலக்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது. வாரண்டி கார்டில் எறும்பு எழுத்தில் இருப்பதெல்லாம் அந்த வேலைதான். இன்னொன்று, சரக்கை வேண்டாம் என்று நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். நான் பொறுமையாக, சரி, இந்தத் தடவை பார்ப்போம், அடுத்த தடவை பார்ப்போம் என்று பழுதுபார்த்து வாங்கி வந்தேனே, அந்தப் பொறுமையே எனக்கு எதிராக நிற்கிறது.

இரண்டாவது தடவை கெட்டபோதே, இது எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். எழுத்து என்றால் ரசீது பெற்ற கடிதம். சேவை மையத்தில் கொடுக்கும் ரசீதிலும் பழுது என்ன என்று நம் வார்த்தையில் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். என் இரண்டாவது ரசீதில் 'பொதுவான பரிசோதனை' என்று எழுதியிருக்கிறார்கள். நான் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சிவில் கோர்ட்டில் கட்டணம் உண்டு, வருடக்கணக்கு ஆகும். அறுபதாயிரம் ரூபாய் சாமானுக்கு யார் போவார்? போகமாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் கோபம் தாங்காமல் லேப்டாப் விற்ற கடைக்குப் போனேன். அவர் எனக்குத் தெரிந்தவர், வயதில் இளையவர், வீட்டுக்கு வருட வத்தல் எங்கள் கடையில்தான் எடுப்பார். சத்தமாகவே பேசினேன். "தம்பி, என் கடையில வாங்குன மல்லியில ஈரம் இருந்தா நான் கம்பெனியக் கேளு, விவசாயியக் கேளுன்னு சொல்லுவேனா? மூடையத் திருப்பி எடுத்துக்குவேன். எங்கப்பா காலத்துல கொல்லத்துக்குப் போன நாப்பது மூடை மல்லி, பூசணம் பிடிச்சிருக்குன்னு தந்தி வந்ததும் அவர் செலவிலயே திருப்பி எடுத்தார். அதுதான் வியாபாரம்" என்றேன்.

அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து எங்கள் கடை பில் ஒன்றை எடுத்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. உங்க பில்லு அடியிலயும் இதைத்தான அச்சடிச்சிருக்கீங்க?" என்று நீட்டினார். 'விற்ற சரக்கு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது.

எனக்குப் பதில் வரவில்லை. அது எப்போது ஏறியது என்றுகூட ஞாபகம் இல்லை. அச்சகத்துக்காரர் எல்லாருக்கும் போடுகிற மாதிரி போட்டிருப்பார். பிறகு கம்ப்யூட்டரில் பில் வடிவம் செய்தபோது கணக்குப்பிள்ளை பழைய பில்லைப் பார்த்து அப்படியே ஏற்றிவிட்டார். எங்கள் கடையில் யாரும் அந்த வரியைச் சொல்லிச் சரக்கை மறுத்தது இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். கடைக்கு வந்து கேட்டேன். நம் பையன்கள் மறுத்திருக்கிறார்கள். பக்கத்து கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் வத்தலில் பாதி மூடை நிறம் மங்கி இருப்பதாகக் கொண்டுவந்தபோது அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் அன்று மதுரையில் லேப்டாப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிகமுறை என்று 2019 சட்டம் வரையறுத்திருக்கிறது. நம் கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரிடம் அந்த அச்சு வரி செல்லாது. செல்லாத வரியை நாம் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேரோ.

நம் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஆடியில் வாங்கிய துவரம்பருப்பை மாசியில் வண்டு விழுந்த பிறகு மூடையோடு கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குடோனில் மழை ஒழுகியதற்கு நாம் பொறுப்பாக முடியுமா? கம்பெனிக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள்: லேப்டாப்பில் காப்பியைக் கொட்டிவிட்டு வாரண்டி கேட்கிறவன் இருக்கிறான் என்பார்கள். என் மிளகாய்த் தூசியையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். சேர்க்கட்டும். ஆனால் தூசி இல்லாத நாலாவது தடவைக்கு என்ன பதில்? பொய்யாகத் திருப்புகிறவனைக் காரணம் காட்டி உண்மையாகத் திருப்புகிறவனையும் சேர்த்து அடைப்பதற்குத்தான் அந்த ஒற்றை வரி பயன்படுகிறது, அவர்களுக்கும் நமக்கும்.

எங்கள் பில்லில் அந்த வரியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, 'சரக்கில் குறை இருந்தால் 7 நாளுக்குள் மாதிரியுடன் தெரிவிக்கவும்' என்று போட்டிருக்கிறோம். 7 நாள் போதாது, 10 நாள் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிராமத்துக் கடைக்காரரிடம் போனில் பேசி, பாதி மூடைக்கு அன்றைய விலையைக் கழித்துக்கொண்டோம். அவர் இதற்குள் வேறு கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

இனி சங்கத்துக்கும் அரசுக்கும் சில கோரிக்கைகள். சொந்தக் கடையில் பயன்படுத்த, மறுவிற்பனைக்கு இல்லாமல் வாங்கும் தராசு, பிரிண்டர், பிரீசர், கம்ப்யூட்டர் போன்ற சாமான்களுக்கு, ஒரு குறிப்பிட்ட விலை வரையிலாவது, வியாபாரியையும் நுகர்வோராக ஏற்கச் சட்டத்தைத் திருத்தக் கேட்க வேண்டும். கணக்குப்பிள்ளை தட்டினாரா முதலாளி தட்டினாரா என்பதை வைத்தா பழுதான போர்டுக்கு நியாயம் சொல்வது? ஜி.எஸ்.டி. எல்லாரையும் கம்ப்யூட்டர் வாங்க வைத்தது அரசாங்கம். அது கெட்டால் போய் நிற்க ஒரு இடமும் அரசாங்கம்தான் காட்ட வேண்டும்.

அடுத்து, எத்தனை தடவை பழுதுபார்த்தால் போதும் என்று எண் வேண்டும். நம் சட்டத்தில் அந்த எண் இல்லை. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒரு தடவை பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால், வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம், அல்லது விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். அங்கேயும் அது வியாபாரிக்குக் கிடையாது என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். இருந்தாலும் ஒரு எண் இருக்கிறது. நான் ஒன்று கேட்கவில்லை, மூன்று கேட்கிறேன். ஒரே பழுது மூன்று தடவை வந்தால் புதுப் பொருள் தர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தனித்தனியாகப் போய் வாங்கும்போது அவர்கள் அச்சடித்த தாளில் நாம் கையெழுத்துப் போடுகிறோம். சங்கத்தின் மூலம் ஐம்பது கடைக்குச் சேர்த்து வாங்கினால் நாம் அச்சடித்த தாளில் அவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லலாம். சேவை ஆள் கடைக்கே வந்து பார்க்கும் வாரண்டியா, நாம் தூக்கிக்கொண்டு போகும் வாரண்டியா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். இரண்டு வகையும் உண்டு என்பதே நான் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழுதுபார்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் மாற்று மெஷின் ஒன்று தர வேண்டும். மாற்றும் பாகம் புதிதா, ஏற்கெனவே பழுதுபார்த்ததா என்று ரசீதில் எழுத வேண்டும். என் வாரண்டி தாளில் பழுதுபார்த்த பாகத்தையும் போடலாம் என்று இருக்கிறது. எனக்கு வந்த நாலு போர்டில் எத்தனை புதிது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டரிக்கு மூன்று வருட வாரண்டி பெரும்பாலும் இருப்பதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் எடுபடாது. ஆகவே தராசு, பிரீசர், பிரிண்டர் எதுவானாலும் வாரண்டி காலத்தில் இரண்டு தடவைக்கு மேல் கெட்டிருந்தால், வாங்கிய பில், சேவை மைய ரசீதுகள், எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்ற கணக்கு, இவற்றின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். கூடவே உங்கள் கடை பில் ஒன்றையும் எடுத்துவாருங்கள், அடியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

என் லேப்டாப் 2025 ஆகஸ்டில் ஐந்தாவது தடவையாகக் கெட்டது. இந்த முறை அதைச் சேவை மையத்தில் கொடுக்கவில்லை. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வக்கீல் மூலம் விற்றவருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, அதைக் கண்ணாடி அறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை அதற்குப் பக்கத்தில் 14,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய டப்பாக் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு வாரண்டி கிடையாது. இன்றுவரை கெடவில்லை.